கொழுப்பு

வெண்கடல் ஓரம்
செங்குத்தாய் ஒரு களிமண் சுவர்.
நூறடி மேலே கயிற்றில் தொங்குகிறான் சவ்வாத்தி.
ஜூலையிலும் கையுறை கழற்ற விடாத காற்று.
கொசுக்களுக்கு மட்டும் அது உறைக்கவில்லை.

அவன் நெம்பிய பலகைக்கல்
பாதி வழியில் ஒருமுறை புரண்டு
கரையில் குப்புற விழுந்தது.
திருப்பினார்கள்.

உள்ளங்கை அகலம்.
நடுவே ஒரு கோடு, இரு பக்கமும் மடிப்பு மடிப்பாய்,
கொசுவம் வைத்த சீலையை
யாரோ வட்டமாய் வெட்டிப் பரப்பியதுபோல்.

தலை எது, வால் எது?
கேட்டவள் சமையற்காரி உலீத்தா.
மீன் ஆய்பவளின் கேள்வி.
தெரியாது என்றார்கள்.
வாய்? இல்லை.
குடல்? இல்லை.
கடலடிப் பாசிப் படுக்கையில் படுத்தே கிடக்கும்.
படுத்த இடம் கரையும், அதுதான் சாப்பாடு.
தீர்ந்தால் கொஞ்சம் நகர்ந்து படுக்கும்.
கடிக்கத் தெரிந்த எதுவும்
இன்னும் பிறக்காத காலம்.

"என் முதல் புருஷன்" என்றாள் உலீத்தா.

பாசி என்றது ஒரு கட்சி.
காளான் என்றது இன்னொன்று.
கல்லின்மேல் பாலாடைபோல் மிஞ்சிய படலத்தை
மூச்சடக்கி
இடுக்கியால் உரித்தாள் தைசியா.
யாரும் தொடாதீர்கள், யாரும் தொடாதீர்கள்.
விரல் பட்டால்
நம் எண்ணெய் அதன் எண்ணெயாகிவிடும்.

பனி பாதி கழிந்தபின் தொலைபேசி வந்தது.
கொலஸ்ட்ரால்.
ஐம்பத்தைந்து கோடி ஆண்டு கெடாமல் கிடந்த
கொலஸ்ட்ரால்.
ஆகவே அது பாசியில்லை, காளானில்லை.
ஜீவன்.
அசல் வாயில்லா ஜீவன்.

உலீத்தாவுக்கு அந்தச் சொல் தெரியும்.
ஆர்க்காங்கெல்ஸ்க் ஆஸ்பத்திரிச் சீட்டில்
சிவப்பில் அடிக்கோடிட்டிருந்தது:
வெண்ணெய் கூடாது, கொழுத்த மீன் கூடாது,
ஐம்பத்தெட்டு வயதில் வேறென்ன கூடுமோ.

"வாயே இல்லை. அதுக்கே இவ்வளவு கொழுப்பா!"
சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.
மறுமுனையில் தைசியாவும் சிரித்தாள்,
கொஞ்சம் தாமதமாக, தொலைவு அப்படி.

பேசி முடித்துத் தொட்டிக்குத் திரும்பினாள்.
நேற்றைய இரும்புச் சட்டி
தண்ணீரில் ஊறிக் கிடந்தது.
ஒரு விரலால் வழித்துப் பார்த்தாள்.
நடுவே கோடு விழுந்தது,
இரு பக்கமும் வெள்ளையாய் ஒதுங்கி நின்றது
போகமாட்டேன் என்று.

வெந்நீர் வைக்க அடுப்பு வரை போனவள்
கையை முந்தானைத் துணியில் துடைத்துக்கொண்டு
அங்கேயே நின்றாள்.
ஜன்னலுக்கு வெளியே
கடல், ஆடை கட்டியிருந்தது.