தாளிக்காத கடலை

பாலிகிளினிக் தாதி திரையை
என் பக்கம் திருப்பினாள்.
ஏழு புள்ளி ஒன்பது.
பேருந்து எண்ணாக இருந்தால்
எங்கே போகும் என்று சொல்லியிருப்பேன்,
பதினோரு வருடமாக ஓட்டுகிறேன்.
இது எங்கே போகும் என்று
அவள்தான் சொன்னாள்.
கண், சிறுநீரகம், கால் விரல்.
ஒவ்வொரு நிறுத்தமாக.

ஆகவே இந்தச் சனிக்கிழமை
கொண்டைக்கடலையில் கேக்.
மாவு இல்லை, சீனி இல்லை, வெண்ணெய் இல்லை.
உள்ளதைவிட
இல்லாததன் பட்டியல்தான் நீளம்.

ஐந்தாவது விசிலுக்கு
நெடுமாறன் கதவைத் திறந்தான்.
முகாமிலிருந்து நேற்றிரவு வந்தவன்,
கன்னத்தில் தலையணைக் கோடு.
"சுண்டலா? வெள்ளிக்கிழமை நேத்தே போயிடுச்சேம்மா."

பதில் சொல்லாமல் குக்கரைத் திறந்தேன்.
ஆவி ஏறி மூக்குக்கண்ணாடி மங்கிய நொடியில்
என் கை தானாகவே
கடுகு டப்பாவுக்குப் போய்விட்டது.
கடலை வெந்தால் கடுகு வெடிக்க வேண்டும்,
கறிவேப்பிலை குதிக்க வேண்டும்,
கைக்கு அவ்வளவுதான் தெரியும்.
தவறான சந்தில் நுழைந்த வண்டியைப்
பின்னால் எடுப்பதுபோல்
மெதுவாக, இருபக்கமும் பார்த்து,
கையைத் திரும்ப எடுத்தேன்.

பேரீச்சை, கோக்கோ,
கறுத்துப்போன இரண்டு வாழைப்பழம்,
ஒரு கரண்டி நிலக்கடலை வெண்ணெய்.
கடலையைத் தோலுரிக்க வேண்டுமாம்.
பாதி உரித்தேன்.
மீதியை மிக்சியிடம் ஒப்படைத்தேன்.

இருபது நிமிடம்
வீடு முழுக்கச் சுண்டல் வாசனை.
அப்புறம் எங்கிருந்தோ சாக்லெட்,
வேறு மாடியில் லிஃப்ட்டை விட்டு இறங்கிவிட்டு
கதவு எண்ணைத் தேடுகிற விருந்தாளிபோல்
தயங்கித் தயங்கி.

முதல் வாய், மண்.
இரண்டாவது வாயில் சாக்லெட்,
கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு.
பிறகு பல்லிடுக்கில்
நான் உரிக்காமல் விட்ட ஒரு தோல்.

நெடுமாறன் மென்றான்.
தண்ணீர் குடித்தான். மறுபடி மென்றான்.
"முகாம்ல இதைவிட மோசமா சாப்பிட்டிருக்கேன்."
பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

திங்கள்கிழமை, இண்டர்சேஞ்ச் ஓய்வறை.
பூன் டெக் கேட்டார், இதில் என்ன அதிசயம்?
பச்சைப் பயறு, சிவப்புப் பயறு
எல்லாம் எங்களுக்கு இனிப்புதானே,
நீங்கள்தான் மிளகாயைப் போட்டுக் கெடுக்கிறீர்கள்.
பாயசத்தைச் சொல்லி வாதாடியிருப்பேன்.
வண்டி எடுக்க நான்கு நிமிடம்தான் இருந்தது.
ரோஹாயா ஒரு துண்டை முகர்ந்தாள்.
மலாயில் இதற்குக் காச்சாங் கூடா என்று பெயர்,
குதிரைக் கடலை.
வாயில் போட்டுக்கொண்டு
அறை அதிரக் கனைத்தாள்.
இரண்டாவது துண்டையும் எடுத்தாள்.

வீட்டில் மேசைமேல் நான்கு துண்டு மிச்சம்,
மூடாமல்தான் வைத்திருந்தேன்.
எங்கள் ஒன்பதாவது மாடி எறும்புகள்
ஒரு சொட்டுக் கோப்பி சிந்தினால்
துடைக்கத் துணி எடுப்பதற்குள் வந்துவிடும்.
சனி வரவில்லை.
ஞாயிறும் திங்களும் வரவில்லை.
தாதி சொன்னால்கூட நம்பமாட்டேன்,
இதை நம்பினேன்.
சீனி இல்லை என்பதற்கு
வேறென்ன சான்றிதழ் வேண்டும்?
கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

செவ்வாய், விடியற்காலை நாலேகால்.
முதல் வண்டிக்குச் சீருடைப் பொத்தான் போட்டபடி
விளக்கைப் போட்டேன்.
தட்டின் விளிம்பில் ஒரே ஓர் எறும்பு.
ஒரு துண்டில் ஏறியது, உச்சியில் நின்றது,
மீசையை ஆட்டி நெடுநேரம் யோசித்தது.
பிறகு இறங்கி
வந்த வழியே வேகமாகத் திரும்பிப் போனது.

கூட்டத்தை அழைத்து வரவா,
எச்சரிக்கவா என்று தெரியவில்லை.
நான் கிளம்ப வேண்டியிருந்தது.
கிளம்பும் முன்
ஒரு குவளைக் கடலையை
ஊறப் போட்டேன்.