சரியாப் பூடும்

மணலி யார்டில் கண்டெய்னர் கணக்கு எழுதுகிறவள் நான்.
எந்தப் பெட்டி, எந்த வரிசை, எத்தனையாவது அடுக்கு
கேட்டவுடன் சொல்வேன்.
இடம் மாறி இறங்கிய பெட்டியைத் தேடி
கிரேன்காரர் கெட்ட வார்த்தையோடு அலையும்போது
சிரிப்பு வரும் எனக்கு.
எங்கே போகும்,
இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும்
பூட்டு உடையாமல்.

டாக்டர் ஷமீம் ஓபி சீட்டின் பின்பக்கம் வரைந்தார்.
ஒரு பை. இரண்டு கை. கை நுனியில் பாதாம் மாதிரி இரண்டு.
பைக்குள் படிய வேண்டியது
சினைப்பையில், குடல்மேல், பின்பக்கச் சுவரில்
பேனா முனையால் புள்ளி புள்ளியாய்.
"அதுவும் மாசாமாசம் கசியும்மா. வெளிய வரத்தான் வழியில்ல."
புரிந்தது என்றேன்.
கேட் பாஸ் இல்லாத சரக்கு.

பதினாலு வயதில் ஆரம்பம்.
தண்டையார்பேட்டை ஹைரோட்டில்
பஸ் கம்பியை விடாமல் வாந்தி எடுத்திருக்கிறேன்.
எல்லாருக்கும் வர்றதுதானே என்றார் பி.டி. டீச்சர்.
கல்யாணம் ஆனா சரியாப் பூடும் என்றாள் அம்மா.
ஆனது.
ஒண்ணு பெத்துப் போடு, எல்லாம் சரியாப் பூடும்
என்றாள் நாத்தனார் கஸ்தூரி,
சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை என்பதுபோல.
சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய வீட்டை
சாவி போட்டுத் திறக்கச் சொல்கிறாள்.

ஐந்து வருடம்.
சாக்லேட் கட்டி என்றதும் கன்னியப்பன் சிரித்துவிட்டான்.
ஸ்கேன் பில் வந்ததும் நிறுத்தினான்.
மூன்று துளை போட்டுச் சுரண்டினார்கள்.
அதிலிருந்து ஏழாம் மாதம்
நாள் தள்ளிப்போனது.

முழுகாம கீறா என்று தெரு பேசியது.
அந்தச் சொல்லை அன்றுதான் காது கொடுத்துக் கேட்டேன்.
முழுகாமல்.
அவர்களுக்கு அது பிள்ளை.
எனக்கு, சிவப்பு வட்டம் போடாத காலண்டர் தாள்கள்.
பரண் ஏறிய வெந்நீர்ப் பை.
சில இரவுகள்
பிள்ளையைவிட அதற்குத்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன்.
கன்னியப்பனிடம்கூடச் சொல்லவில்லை.

சும்மா கிடக்கவில்லை அதுவும்.
ஐந்தாம் மாதம், வயிறு ஏற ஏற
எங்கெங்கோ ஒட்டியிருந்த பழைய தழும்பு இழுத்தது,
காசிமேட்டில் அலை தூக்கும் படகை
முளையில் கட்டிய வடம் இழுப்பதுபோல.
நச்சுக்கொடி கீழே இறங்கியிருக்கு, பாரம் தூக்காதே என்றார்கள்.
எட்டாம் மாதம் ரத்தம்.
ராத்திரி ஒன்றரை. எண்ணூர் ரோடு முழுக்க டிரெய்லர்.
கன்னியப்பன் ஆட்டோவிலிருந்து குதித்து
ஒவ்வொரு கேபினாய்த் தட்டிக்கொண்டு ஓடினான், அண்ணே அண்ணே என்று.
பகலில் நான் நம்பர் எழுதிய பெட்டிகள்
எனக்காக ஒதுங்கின
அரை அடி, அரை அடியாய்.

ராயபுரத்தில் அறுத்து எடுத்தார்கள்.
ஒன்றே முக்கால் கிலோ. பெண்.

பால் கொடுத்தவரை வரவில்லை.
பதினோராம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை
ரிஜிஸ்டரில் எட்டு போட்டுக்கொண்டிருந்தேன்
எட்டின் மேல் வட்டத்திலேயே பேனா நின்றது.
தெரியும் எனக்கு.
அதே வரிசை. அதே அடுக்கு.

போனில் கஸ்தூரி சொல்கிறாள்,
ரெண்டாவது பெத்தா...
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.
சிரிப்பும் வலித்தது.

வெந்நீர்ப் பையைப் பரணிலிருந்து இறக்கினேன்.
பூவிழி தவழ்ந்து வந்து
அது ஆறியபின் அதன்மேல் தலை வைத்துக்கொண்டாள்.
அடியே,
உன்னை மருந்து என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள்.
நீ மருந்தில்லை.
உனக்கு அந்த வேலை வேண்டாம்.
எச்சில் ஒழுகத் தூங்கு.

நாளைக்கு ஷமீம் டாக்டர் வரும் நாள்.
ஆறு மணிக்கே போனால்தான் டோக்கன் கிடைக்கும்.
இவளையும் தூக்கிக்கொண்டு,
அந்தப் பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு.