எங்கே விழுவதாக உத்தேசம்?

ஃபூத்தா கணவாய்க்கு ஏறும் சாலையில்
என் பட்டறை.
ஒரு சனிக்கிழமை வந்தான் நேவியோ,
கையில் அட்டைப்பெட்டி:
கார்பன் சிறகு இரண்டு,
நைலான் குமிழ் இரண்டு.

சிறகு காற்றை வாங்கி
முன்சக்கரத்தைத் தரையோடு அழுத்துமாம்.
அழுத்தும்தான்,
இருநூறைத் தாண்டினால்.
இங்கே வளைவுக்கு வளைவு ஐம்பது,
நடுவில் ரொட்டி வண்டி வேறு.
சொன்னேன்.
மாட்டு ஒர்னெல்லா, என்றான்.
மாட்டினேன்.

மறுநாளே பெட்ரோல் பங்கில்
சைடு ஸ்டாண்டு முழுதாக விரியாமல்
நின்ற இடத்திலேயே சாய்ந்தது வண்டி.
குமிழில் நகக்கண் அளவு சிராய்ப்பு,
எஞ்சின் மூடியில் ஒன்றுமில்லை.
சிறகுதான் முறிந்து
அவன் முழங்காலைக் கிழித்திருந்தது.
குமிழ் காசு மிச்சம் என்று
எனக்குக் காப்பி வாங்கித் தந்தான்,
நொண்டிக்கொண்டே.

செப்டம்பர். ஈரத் தார்.
வண்டி படுத்து வழுக்கிப் போனது;
அப்படியே போயிருந்தால் புல்.
வடிகால் கம்பியில் சிக்கியது குமிழ்.
படுத்திருந்த வண்டி எழுந்து
இரண்டு குட்டிக்கரணம் போட்டது.
அவன் முன்பே கையை விட்டிருந்தான்,
காறை எலும்போடு போயிற்று.
ஃபிரேம் கோணல்.
நான் முறுக்கிய போல்ட்
இம்மியும் அசையவில்லை.
அதுதான் உறுத்துகிறது:
சரியாக முறுக்கியிருந்தேன்.

குமிழை இன்னும் விற்கிறேன்,
இரண்டாம் தட்டில், செயின் எண்ணெய்க்குப் பக்கத்தில்.
வாங்க வருபவரிடம்
விலை சொல்லுமுன் கேட்பேன்:
நின்றபடியா, ஓடியபடியா,
எங்கே விழுவதாக உத்தேசம்?
சிரிக்கிறார்கள்.

சிறகு கேட்பவர்கள் சிரிப்பதில்லை.
கடைக் கண்ணாடியில்
தங்கள் வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.