ஒரே நேரத்தில் ஐவர்

ஏழு அரசுக் கல்லூரிக்கும் சேர்த்து
ஐந்து இருக்கை.
நாற்காலி என்று நினைத்துக்கொண்டு
கோப்பைத் திருப்பி அனுப்பினார்கள் கணக்குப் பிரிவில்.
மரமா இரும்பா என்று கேட்டிருந்தது.

உரிமம் சார், என்று எழுதினேன்.
ஒரே நேரத்தில் ஐந்து பேர் உள்ளே போகலாம்,
ஆறாவது ஆள் வாசலில் நிற்கவேண்டும்,
யாராவது எழுந்து வரும்வரை.
இதற்கு டவுன் பஸ்ஸே தேவலையே என்று
ஓரத்தில் பச்சை மையில் ஒரு வரி வந்தது.
கீழே கையெழுத்தும் வந்தது.

பகலில் புத்தகங்கள் சுற்றும்.
செவ்வாயும் வெள்ளியும் சென்றாயன்
சிமெண்டுச் சாக்கில் கட்டி
அரூருக்கும் பாலக்கோட்டுக்கும் எடுத்துப்போவான்.
மொரப்பூர் ரோட்டில் ஒருமுறை மழை பிடித்து
கரிம வேதியியல் இரண்டாம் பாகம்
அப்பளம்போல் உப்பித் திரும்பியது.
மின்விசிறிக்கு அடியில் விரித்துக் காயவைத்தேன்.
எந்தப் பக்கம் கைபட்டுக் கறுத்திருக்கிறது,
எந்தப் பக்கம் பிரிக்கவே படவில்லை,
காகிதம் சொல்லிவிடும்.

திரை சொல்வது வேறு மாதிரி.
பெயர் கிடையாது. ஊரும் எண்ணும்தான்.
தருமபுரியில் இரவு பன்னிரண்டே முக்கால்.
பென்னாகரம் 31, கேழ்வரகில் குலை நோய்.
காரிமங்கலம் 8, நடுகல் எழுத்தைப்
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறது.
கிருஷ்ணகிரி 112 வந்து உட்கார்ந்தால்
விடியும்வரை எழுந்திருக்காது.
அரூர் 17,
நிலத்தடி நீரில் ஃபுளோரைடு, அறுபத்து நான்காம் பக்கம்,
நாற்பது நிமிடமாக அதே பக்கம்.

தேன்கனிக்கோட்டை 5 வாசலில் நிற்கிறது.
மூன்று தரம் தட்டியாயிற்று.
காத்திருக்கவும். காத்திருக்கவும். காத்திருக்கவும்.
கேழ்வரகு முற்றுகிற மாதம்,
யானை இறங்கும் அந்தப் பக்கம்.
சிக்னலுக்காக எங்கே வந்து நிற்கிறதோ
இந்நேரத்தில்.

இருபது நிமிடம் அசையாதவரை
எழுப்பி வெளியே அனுப்பலாம், விதி இருக்கிறது.
சிவப்புப் பொத்தான்.
அரூர் 17 தூங்கியிருக்கும்.
விரலைக் கொண்டுபோனேன்.

எதற்கும் இருக்கட்டுமென்று
அறுபத்து நான்கை நானும் திறந்தேன்.
அட்டவணை.
ஊர், கிணற்றின் ஆழம், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்.
நூற்றுப் பன்னிரண்டு கிணறு.
இறக்கிக்கொள்ள அனுமதியில்லாத பக்கம்.
தூங்கவில்லை அந்த ஆள்.
வரி வரியாக நோட்டில் இறக்கிக்கொண்டிருக்கிறது.

முப்பத்தெட்டாவது வரியில் எங்கள் ஊர்.
மூன்று புள்ளி ஒன்பது.
நாக்கு தானாகப் போய்
முன்பற்களைத் தடவிவிட்டு வந்தது.
பத்தாம் வகுப்புப் புகைப்படத்தில்
நாற்பத்தியொரு பேர்,
ஒருவரும் வாய்திறந்து சிரிக்கவில்லை.
போட்டோக்காரர் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

விரலை எடுத்துவிட்டேன்.
பிறகுதான் எண்ணினேன்.
பென்னாகரம், காரிமங்கலம்,
கிருஷ்ணகிரி, அரூர்.
நாலு.

மேல் மூலையில், பொடி எழுத்தில்,
நிர்வாகி 1.
ஒன்பதரையிலிருந்து உள்ளே இருக்கிறது,
யார் யார் படிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு.

வெளியே வந்தேன்.

அந்தப் பக்கம் என்ன நடந்ததென்று
அப்போது தெரிந்துகொள்ள வழியில்லை.
எட்டிப் பார்த்தால் இடத்தை அடைத்துவிடுவேன்.
எழுந்துபோய் ஒகேனக்கல் குழாயில்
ஒரு சொம்பு பிடித்துக் குடித்தேன்.
கண்ணுக்கு எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான்.

காலைப் பதிவேட்டில்:
தேன்கனிக்கோட்டை 5,
ஒன்று இருபத்தாறு முதல் நான்கு பத்து வரை.
என்ன படித்தது என்ற கட்டத்தைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை.
சென்றாயன் சாக்கைப் பிரித்துப் பிடித்தபடி நிற்கிறான்.
கரிம வேதியியல் இரண்டாம் பாகத்தை
பாலக்கோட்டில் யாரோ கேட்டிருக்கிறார்கள்.
உப்பியிருந்தாலும் பரவாயில்லையாம்.