இரண்டு கார் ஞாயிறு

ஞாயிறு காலை எங்கள் வீட்டிலிருந்து
இரண்டு கார்கள் கிளம்புகின்றன.
வெர்னா இடப்பக்கம் திரும்புவாள்,
முப்பத்தொரு வருடம் நாங்கள் சேர்ந்து திரும்பிய பக்கம்.
நான் வலப்பக்கம்.
நார்த் டகோட்டாவில் சர்க்கரை ஆலைப் புகை
எந்தப் பக்கம் போனாலும் ஒரே நாற்றம்தான்.

முதலில் போனது நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய சபை.
வாசலிலேயே பெயர் அச்சிட்ட காப்பிக் கோப்பை ஒன்று தந்தார்கள்.
மேடையில் டிரம்ஸ், நீல வெளிச்சம்.
கேலி செய்ய ஆயத்தமாகத்தான் போயிருந்தேன்.
பக்கத்திலிருந்த பையன் கண்ணை மூடி அழுதான்,
நிஜமாகவே அழுதான்.
கோப்பையில் இப்போது ஆணி போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்த இடத்தில் பதினோரு பேர்.
நான் உட்கார்ந்தது
செத்துப்போன யாரோ ஒருவரின் இடம் என்று
யாரும் சொல்லவில்லை.
திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், தெரிந்துகொண்டேன்.

கத்தோலிக்கரின் திருப்பலிக்கும் ஒருமுறை.
அப்பா இருந்திருந்தால் ஒரு மாதம் பேசியிருக்கமாட்டார்.
எப்போது முழங்காலிட, எப்போது எழ என்று தெரியாமல்
எல்லாவற்றிலும் ஓர் அசைவு பிந்தினேன்.
முன்வரிசைச் சிறுமி பரிதாபப்பட்டு
விரலால் சைகை காட்டினாள்: இப்போ.

வருகை அட்டையில் கேட்கிறார்கள்,
முந்தைய சபை எது, விட்டு வந்த காரணம் என்ன.
காரணத்துக்கு ஒரு விரல் நீளக் கோடு.

பிப்ரவரியில் காணிக்கைக் கணக்கில்
நானூற்றுப் பத்து டாலர் குறைந்தது.
ஆர்டன் ப்ரெக்கி எங்கள் கோயில்பிள்ளை,
பனி வாருவான், கொதிகலனைத் திட்டித் திட்டி ஓடவைப்பான்,
எல்லாச் சாவியும் அவனிடம்.
அன்று கடைசி வரிசையில்
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.
அவனை நீக்கச் சம்மதிப்பவர்கள் கை உயர்த்துங்கள், என்றார் போதகர்.
எண்ணியவர் சொன்னார்: ஏகமனதாக.

ஈஸ்டர் கழித்துப் பணம் கிடைத்தது,
பொருளாளர் மேசை இழுப்பறைக்குப் பின்னால்
ஓர் உறை விழுந்து கிடந்தது.
வருந்துகிறோம், என்றார் போதகர்.
பிறகு பாட்டு எண் சொன்னார்.

தப்புப் பண்ணின இடத்தில்தானே
தப்புப் பண்ணினவர்கள் இருக்கவேண்டும்,
நீ மட்டும் எங்கே போகிறாய், என்றாள் வெர்னா.
இன்றுவரை என்னிடம் பதிலில்லை.
சபையை விட்டுவிட்டேன் என்று ஊர் சொல்கிறது.
அந்தக் கையை விட்டுவர முடியவில்லை.
எங்கே போனாலும், ஸ்தோத்திரம் என்று
எல்லோரும் கைகளை உயர்த்துகையில்
நான் என் வலக்கையின் மேல் உட்கார்ந்துகொள்கிறேன்.

அக்டோபரில் ஆற்றின் அக்கரையில்
மளிகைக் கடையாயிருந்த ஒரு கட்டடம்,
கூரையில் புதுச் சிலுவை, பழைய விலைப்பலகை.
வாசலில் ஆர்டனின் நீலப் பிக்கப்,
ஒரு கதவு மட்டும் வேறு வண்டியிலிருந்து பிடுங்கியது.
நிறுத்தாமல் போய்விட்டேன்.
அடுத்த ஞாயிறும்.
அதற்கடுத்த ஞாயிறு எதிர்ப் பங்கில்
பெட்ரோல் போட நின்றேன். டேங்க் நிறைந்திருந்தது.

மதியம் உருளைக்கிழங்கை மசித்தபடி
வெர்னா கேட்டாள்: கிடைத்ததா?
தேடிக்கொண்டிருக்கிறேன், என்றேன்.
உப்பை என் பக்கம் தள்ளினாள்.

இன்று முதல் பனி.
ஆர்டன் வாசலில் வாரிக்கொண்டிருக்கிறான்,
யாரும் அவனிடம் கேட்டிருக்கமாட்டார்கள்.
பிக்கப்புக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலி.
நிறுத்தினேன். என்ஜினை அணைத்தேன்.

வைப்பர் நின்றதும் கண்ணாடி வெளுத்துக்கொண்டே வந்து
அவனை மறைத்துவிட்டது.
மண்வாரியின் சத்தம் மட்டும்,
ஒரு வாரல், ஒரு மூச்சு,
ஒரு வாரல்,
இப்போது என் முன் டயருக்கு அருகில்.

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.