அடிக் கணக்கு

கைபோர் செட்டு, நாலு ஆள், அடிக்கு இவ்வளவென்று
ஏரலில் வைத்துப் பேசி முடித்தபோது
தண்ணீர் வேண்டாம் என்றார்கள்.
இருபது வருஷத்தில் இப்படியொரு பார்ட்டியை நான் பார்த்ததில்லை.
மண் போதுமாம். கலையாமல் வேண்டுமாம்,
எது மேல் எது கீழ் என்று தெரிகிற மாதிரி.

கொற்கையில் கொம்பையாவின் வாழைத்தோட்டம்.
ஒனோதெரா என்று அந்தம்மாவுக்குப் பேர்.
ஜப்பானில் வடகிழக்குக் கரை, சன்ரிக்கு.
கூட வந்த ஜெரோஸ்லின் கூடுதாழைக்காரி,
யுனிவர்சிட்டியில் படிக்கிறாள்.
அந்தம்மா சொல்வதில் பாதியை எங்களுக்குச் சொன்னாள்.

நாலடி வரை ஆற்று வண்டல்.
ஏழில் சாம்பல் நிறக் களி.
ஒன்பதில் குழாயை உருவினபோது
காலை பத்து மணிக்கு, வாழைக்கு நடுவே,
உப்பங்கழி நாற்றம்.
கொம்பையா மூக்கைப் பொத்தவில்லை.
"இது எங்கன கிடந்துச்சு இத்தன நாளா?" என்றார்,
தொலைந்த மாட்டைக் கேட்பதுபோல.

சிப்பி. மூடின வாயோடு இரண்டு,
உடைந்தவற்றை எண்ணவில்லை.
மாசிலாமணி நகத்தால் நெம்பிப் பார்த்தான்.
உள்ளேயும் களிதான்.

சோறு தின்கிற நேரத்தில் அந்தம்மா
வாழையிலையைத் திருப்பிப்போட்டு
ஈர்க்கால் தன் ஊரைக் கீறினார்.
மலை நேராகக் கடலில் இறங்குகிறது அங்கே.
ஓடை ஓடின பள்ளத்திலெல்லாம் கடல் ஏறி உட்கார்ந்து
விரல் விரித்த கை மாதிரிக் கரை.
விரலிடுக்கு ஒவ்வொன்றிலும் ஓர் ஊர், சிப்பி வளர்க்கும் மிதவை,
பாசி காயும் கொடி.
வாய் அகலம், உள்ளே குறுகல்.
வருகிற அலைக்கு நிமிர்வதைத் தவிர வழியில்லை.
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு,
முப்பத்துமூன்று,
இரண்டாயிரத்துப் பதினொன்று.
மூன்று இடத்தில் ஈர்க்கு இலையைக் கிழித்தது.

மேட்டில் ஒரு கல் உண்டாம்,
முப்பத்துமூன்றில் மிஞ்சினவர்கள் நட்டது:
இதற்குக் கீழே வீடு கட்டாதே.
அவருடைய அப்பா கல்லுக்குக் கீழேதான் கட்டினார்,
படகு கண்ணில் பட்டுக்கொண்டிருக்கட்டும் என்று.
இதைத் தமிழில் சொல்ல ஜெரோஸ்லினுக்கு நேரமாயிற்று.
கூடுதாழையிலும் அப்படித்தான் கட்டுகிறார்கள்.

கை கழுவும்போது யோசித்தேன்.
நம் பக்கத்துக் கோயில் சுவரில் எழுத்துக்குக் குறைவில்லை,
நிலம் கொடுத்தது, விளக்குக்கு ஆடு கொடுத்தது.
கொடுத்ததைத்தான் நம் கல் சொல்லும்.
முத்து விற்ற துறைமுகத்தை
எந்த வருஷம் கடல் விட்டுப் போனதென்று
எந்தச் சுவரிலும் நான் கேள்விப்பட்டதில்லை.
ஒரே நாளில் போயிருந்தால் வெட்டியிருப்பார்கள்.
தாமிரபரணி வண்டலைக் கொட்டிக் கொட்டி
சாண் சாணாக விரட்டினதை
யார், எந்தத் தேதி போட்டு எழுதுவது?

அவர்கள் கரையோ அந்த ஒரு மத்தியானத்தில்
இடுப்பளவு தாழ்ந்துவிட்டதாம்.
உங்கள் கடல் எவ்வளவு தூரம் என்று கேட்டார்.
பைக்கில் கால்மணி நேரம் என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டார்.

பதினேழாவது அடியில், களிக்கு நடுவே,
விரல் கனத்துக்கு வெள்ளை மணல்.
அந்தம்மா குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டார்.
புயல் கொண்டுவந்ததா, இல்லை அந்த மாதிரி அலையா?
"தெரியாது" என்றார்,
அவருக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில் ஒன்று.
"திரும்பி வருமான்னு கேளு பிள்ளே" என்றார் கொம்பையா.
ஜெரோஸ்லின் கேட்கவில்லை.
குழாயில் மேல்பக்கம் எதுவென்று
அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தாள்.

இருபத்தோரு அடிக்குப் பில் போட்டேன்.
குழியைத் தூர்க்க மண் போதவில்லை,
எடுத்ததெல்லாம் குழாயோடு போய்விட்டது.
கொம்பையா ஆற்றுமணல் இரண்டு சட்டி கொண்டுவந்து கொட்டி
மிதித்துவிட்டார்.

மறுவாரம் நாசரேத்தில், குடிதண்ணீர் போர்.
ஒன்பதாவது அடியில் என்னை அறியாமல்
குழாயை முகர்ந்திருக்கிறேன்.
"என்ன அண்ணாச்சி, தண்ணி வாடை அடிக்கா?"
வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.
செம்மண்தான்.
இன்னும் இறக்குங்கடே என்றேன்.