தொழில்: ஒரே சொல்லில்

டிங்வாலில் என் அலுவலகத்துக்கு
ஒவ்வொரு ஜனவரியும், வரிக் கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கையில்
டார்க்வில் ரென்னி வருவார்.
கக்கத்தில் ஒரு ஷூ பெட்டி.
உள்ளே ஓராண்டு,
மழையில் நனைந்து வேன் ஹீட்டரில் காய்ந்தது.

தொழில் என்ற கட்டத்தில் ஒரு சொல்தான் கொள்ளும்.
முதல் வருடம் பிடில் என்று எழுதினேன்.
"பேக்பைப் கோபித்துக்கொள்ளும்" என்றார்.
பேக்பைப் என்று திருத்தினால் சிட்டர்ன்,
சிட்டர்ன் என்றால் விசில்.
கடைசியில் "இதர" என்று போட்டேன்.
இசைத்தட்டு உறையிலும் அப்படித்தானாம்.
படத்தில் அவர் முழங்கை மட்டும்.

நான் அவரைக் கேட்டதே இல்லை.
ஆனாலும் இருவருக்கும் வாசிப்புதான் பிழைப்பு:
அவருக்குக் கருவிகள், எனக்கு அவர் ரசீதுகள்.
ஸ்டோர்னோவே கப்பல், போக மட்டும்
திரும்பியது ஒரு மீன் லாரியில்.
ஏபர்டீனில் ஒரே இரவில் எட்டுத் தந்தி.
ஏன் என்று கேட்கவில்லை,
சொல்லிவிடுவார் என்ற பயம்.
பிரிட்டனியில் ஒரு பல் மருத்துவர்.
விவாகரத்து வக்கீல் ஒருவர்;
இது தொழில் செலவு ஆகாது என்றேன்.
"ஏன் ஆகாது?" என்றார், சிரிக்காமல்.

ஒருமுறை தேன், இரண்டு பாட்டில்.
மளிகை என்று அடித்துவிட்டேன்.
பேக்பைப்பின் தோல்பைக்குள் ஊற்றிப் பிசைவதாம்,
காற்று கசியாதிருக்க.
அடித்த கோட்டின் மேலேயே எழுதினேன்:
பராமரிப்பு.

பதினெட்டாம் ஜனவரி
பெட்டி இலேசாக இருந்தது.
கையெழுத்துக்குத் தாளை அழுத்திப் பிடித்த இடக்கையில்
மோதிர விரல் உள்ளங்கை பக்கம் மடங்கிக் கிடந்தது,
எதையோ விட மனமில்லாதது போல.
அப்பாவுக்கும் இதே விரல்தான் என்றார்.
அவர் தபால்காரர், அதனால் பாதகமில்லை.

அறுவை ஒன்று. அடுத்த வருடம் இன்னொன்று.
பிடில் வரவுப் பக்கத்துக்கு மாறியது,
ஆயிரத்து நூறு பவுண்டு.
பிறகு சிட்டர்ன்.
பேக்பைப்பை வாங்கிய பெண் தவணையில் தருகிறாள்:
ஐல்சா டுகிட், பெர்த், மாதம் நாற்பது.
சொத்து விற்பனை என்று தட்டச்சு செய்தேன்.
என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தவர்
"நிறுத்தற்புள்ளிக்கு முன்னால் ஓடுகிறீர்கள்" என்றார்.

இந்த வருடம் கருவிக் கணக்கில் ஒற்றை ரசீது.
பதினாலு பவுண்டு.
பல்லிடுக்கில் வைத்துச் சுண்டும் இரும்பு, மோர்சிங் மாதிரி.
ஒரு விரல் போதும்.
வரவு நாற்பத்தொரு இரவுகள்,
சென்ற வருடத்தைவிட ஆறு அதிகம்.
இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். சரிதான்.

தொழில் கட்டத்தில் நிறுத்தி நிமிர்ந்தேன்.
கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து
வாயருகே கொண்டுபோனார்.
அப்போது பார்த்து போன் அடித்தது.
கெடு வாரம், எடுக்காமல் முடியாது.
"லைனில் என்னவோ இரைகிறதே" என்றார்
மறுமுனையில் பியூலி பண்ணைக்காரர்.
"ஆமாம்" என்றேன்.
"வைத்துவிடாதீர்கள்."